சிரங்கின் அரிப்பு ஏன் தாமதமாக வந்து தாமதமாகப் போகிறது?

சிரங்கு வந்தவரின் விரல் இடுக்கை விரித்து, நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பென்சிலால் லேசாகக் கிறுக்கியதுபோல் அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சாம்பல் நிறக் கோடு வளைந்து ஓடும். அதன் ஒரு முனையில் ஊசி முனையளவு புள்ளி இருக்கும். கோடு, தோலின் மேலடுக்கில் தோண்டிய சுரங்கம். புள்ளி, அதைத் தோண்டிய பெண் பூச்சி. கோடு பிடிபடவில்லை என்றால் மருத்துவர் அந்த இடத்தில் பேனா மையைத் தடவி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துப் பார்ப்பதுண்டு. மேலே உள்ள மை போய்விடும், சுரங்கத்தில் இறங்கிய மை மட்டும் கோடாகத் தங்கும்.

சார்காப்டஸ் ஸ்கேபியை என்ற இந்தப் பூச்சிக்கு எட்டுக் கால், நீளம் 0.4 மில்லிமீட்டர். பெண் பூச்சி உயிரோடிருக்கும் நான்கு முதல் ஆறு வாரமும் தோலுக்குள்ளேயே நகர்ந்தபடி நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இடும். முட்டை மூன்று நான்கு நாளில் பொரியும், சுமார் இரண்டு வாரத்தில் குஞ்சு முழுப் பூச்சியாகிவிடும். உடம்பெல்லாம் சொறிபவரிடம் ஆயிரக்கணக்கில் பூச்சி இருக்கும் என்று தோன்றும். பெரும்பாலும் பத்துப் பதினைந்துதான் இருக்கும்.

பதினைந்து பூச்சிக்கு இவ்வளவு அரிப்பா? அரிப்பைக் கிளப்புவது பூச்சியின் கடி அல்ல. பூச்சியின் உடல், எச்சில், கழிவு, முட்டை ஆகியவற்றில் உள்ள புரதங்களை நம் எதிர்ப்பு சக்தி அந்நியமாக அடையாளம் கண்டு எதிர்ப்பதுதான் அரிப்பு. அதனால்தான் பூச்சி இல்லாத இடத்திலும் பொரிப்பொரியாகத் தடிக்கிறது. முதல்முறை தொற்றியவருக்கு இந்த அடையாளம் காணலுக்கே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முன்பே வந்தவருக்கு மறுபடி தொற்றினால் ஓரிரு நாளிலேயே அரிக்கும்.

நோய் சத்தமில்லாமல் பரவுவது இந்த ஒரு மாத மௌனத்தில்தான். அரிப்பே இல்லாதவர் பக்கத்தில் படுத்த குழந்தைக்கும் துணைவருக்கும் பூச்சியைக் கொடுத்துக்கொண்டிருப்பார். தோலோடு தோல் பத்து, இருபது நிமிடம் ஒட்டியிருந்தால் போதும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பூச்சியியல் ஆய்வாளர் கென்னத் மெல்லன்பி தன்னார்வலர்களை வைத்துச் சோதித்தார். நோயாளிகளின் போர்வையில் படுத்தவர்களில் மிகச் சிலருக்கே தொற்றியது. துணியைவிட உடல் நெருக்கமே முக்கியம் என்பது அப்போது தெளிவானது. சுத்தக் குறைவால் வருவது என்ற பழியும் நியாயமில்லை. தினம் இருவேளை குளித்தாலும் தோலுக்குள் இருப்பது கழுவிப் போகாது.

இரவில் கூடும் அரிப்பும், வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பதும் சேர்ந்தால் சிரங்கைச் சந்தேகிக்க வேண்டும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பு, பிறப்புறுப்பு ஆகியவை வழக்கமான இடங்கள். கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையிலும் வரும். நம் வீடுகளில் இதை "உடம்புச் சூடு" என்று விட்டுவிடுகிறார்கள், அல்லது கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்துகிறார்கள். அதைவிடக் கெடுதல், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பு. அது அரிப்பை அடக்கும், பூச்சியை விட்டுவிடும். தடிப்பின் தோற்றமும் மாறிவிடுவதால் மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும்.

வழக்கமான மருந்து 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம். பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவைக்குச் சுமார் 30 கிராம் வேண்டும். உடம்பு குளிர்ந்து காய்ந்திருக்கும்போது, கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, அரிக்காத இடத்திலும் விடாமல் பூச வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டி அதன் அடியிலும் தடவுங்கள். 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி பூசியாக வேண்டும், பலருக்குத் தவறுவது இங்கேதான். தப்பிய முட்டைகள் பொரிந்திருக்கும் என்பதால் ஒரு வாரம் கழித்து இரண்டாம் தடவை. ஐவர்மெக்டின் மாத்திரையும் உண்டு. உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் கணக்கில் இரண்டு தடவை, 7 முதல் 14 நாள் இடைவெளியில். அது முட்டையைக் கொல்லாது. கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் பொதுவாகத் தருவதில்லை. கைக்குழந்தைக்கு எந்த மருந்தானாலும் மருத்துவரைக் கேட்டே பூசுங்கள்.

வீட்டில் உள்ள அத்தனை பேரும், அரிப்பு இல்லாதவர் உட்பட, ஒரே இரவில் பூச வேண்டும். ஒருவர் தவறினாலும் பூச்சி சுற்றிச் சுற்றி வரும். பூசுவதற்கு முந்தைய மூன்று நாளில் பயன்படுத்திய படுக்கை விரிப்பையும் உடுப்பையும் வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்துங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் மூன்று நாள் கட்டி வையுங்கள். மனித உடலை விட்டால் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது.

பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிக்கும். அதன் மிச்சங்கள் தோலோடு உதிரும்வரை உடல் எதிர்த்துக்கொண்டே இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்து தினமும் கிரீம் பூசினால் தோல் எரிந்து, அந்த எரிச்சலே புது அரிப்பாகும். நான்கு வாரம் தாண்டியும் அரிப்பு அடங்காவிட்டாலோ, புதிய கோடுகள் தென்பட்டாலோ மறுபடி மருத்துவரிடம் போக வேண்டும். சொறிந்த இடத்தில் சீழ் வைத்தால் நான்கு வாரம் காத்திருக்கக் கூடாது. அதில் புகும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சில குழந்தைகளின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். முகம் வீங்கினாலோ சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.