நூறு கிலோ மடல், நாலு கிலோ நார்

சிசால் கற்றாழையின் மடல் ஒரு மீட்டருக்கு மேல் நீளும். உள்ளே ஏறக்குறைய 1,000 நார்கள். எடை போட்டால் நார் 4 சதவீதம்தான். மற்றதெல்லாம் நீர், சதை, தோல். அதைக் கழிப்பதுதான் இந்தத் தொழிலே. (சோற்றுக்கற்றாழையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு குடும்பம். நம் ரயில் பாதையோரம் வேலியாக நிற்கிறதே, அதன் இனம் இது.)

பெயர் மெக்சிகோவின் யுகட்டான் துறைமுகம் ஒன்றுடையது. 1893இல் ஜெர்மன் வேளாண் அறிஞர் ரிச்சர்ட் ஹிண்டோர்ஃப் ஃப்ளோரிடாவிலிருந்து 1,000 கன்றுகளைத் தருவித்தார். இன்றைய தான்சானியாவின் டாங்காவுக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தவை 62. கிழக்கு ஆப்பிரிக்கத் தோட்டங்கள் அவற்றிலிருந்து பெருகியவை. இந்தச் செடி விதை பிடிப்பதில்லை. பூத்தண்டிலேயே குட்டிக் கன்றுகள் முளைத்து உதிரும், வேரடியிலும் பக்கக்கன்று கிளம்பும்.

நட்ட இரண்டு மூன்று ஆண்டில் முதல் அறுப்பு. அடிமடல்களை மட்டும் அறுத்து, குருத்தைச் சுற்றி 20 மடலாவது விட வேண்டும். ஆசைப்பட்டு மேலே ஏறி அறுத்தால் அடுத்து வரும் மடல்கள் குட்டையாகும். குட்டை நாருக்கு விலை இல்லை.

அறுத்த மடலை இரண்டு நாளுக்குள் உரித்தாக வேண்டும். தாமதித்தால் சாறு வற்றிச் சதை நாரோடு ஒட்டிக்கொள்ளும். இயந்திரத்தில் மழுங்கிய தகடுகள் பதித்த உருளை வேகமாகச் சுழன்று மடலை அடித்துச் சதையைச் சிதறடிக்கும். தகடு கூராக இருந்தால் நாரே அறுந்துவிடும். தகட்டுக்கும் அடிப்பலகைக்கும் இடைவெளி கூடினால் பச்சை தங்கும், குறைந்தால் நார் முறியும். பிரேசிலின் பாயியாவில் சிறு இயந்திரத்துக்குள் மடலைக் கையாலேயே பாதிவரை நுழைத்து இழுத்து, திருப்பி மறுபாதியை நுழைக்கிறார்கள். அங்கே விரலையும் கையையும் இழந்தவர்கள் ஏராளம்.

குளத்தில் ஊறப்போட்டும் உரிக்கலாம். ஒன்றிரண்டு வாரத்தில் பாக்டீரியா சதையைத் தின்றுவிடும்; கூடுதலாக ஊறினால் நாரையும் கெடுக்கும். நாற்றம் சொல்லி மாளாது, குளத்து மீனும் சாகும்.

உரித்ததும் அலசி, வெயிலில் காயவைத்து, தூரிகை உருளையில் சீவுவார்கள். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

நீளநார் கயிறாகும், வைக்கோல் கட்டும் கயிறில் மட்டும் பாலிப்புரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் பெரும்பங்கைப் பறித்துக்கொண்டது. உதிரிநார் காகிதத்துக்கும் பிளாஸ்டர் வலுவூட்டவும் போகும். சிற்றம்பு எறிந்து விளையாடும் டார்ட் பலகையில் நார்க்கற்றைகளை முனை எறிபவரை நோக்க இறுக்கி அடுக்குகிறார்கள். அம்பு நாரைத் துளைப்பதில்லை, விலக்கிக்கொண்டு இறங்குகிறது. பிடுங்கியதும் நார்கள் நெருங்கி ஓட்டை மூடிக்கொள்ளும்.