கருத்த ஓலைக்குப் பூஞ்சாணக்கொல்லி எதற்கு?

இந்த வாரமும் அதேதான். தென்னந்தோப்பு முழுக்கப் பூஞ்சாணக்கொல்லி அடித்து முடித்த பிறகு என்னைக் கூப்பிடுகிறார்கள். மருந்துக்கும் ஆள்கூலிக்கும் பணம் போயாயிற்று. ஓலையோ கருத்தபடியே இருக்கிறது.

தயவுசெய்து கேளுங்கள். ஓலையில் படியும் கரும்பூசணம் இலைக்குள் நுழைவதே இல்லை. விரலால் தேய்த்துப் பாருங்கள். கரி போலக் கையோடு வரும், அடியில் ஓலை பச்சையாகவே இருக்கும். இலைப்புள்ளி நோய் இப்படித் தேய்த்தால் போகுமா? இந்தப் பூசணத்துக்குத் தீனி தருவது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ, 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டறியப்பட்ட அதே பூச்சி. ஓலையின் அடியில் இருந்து சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவைச் சொட்டுகிறது. சொட்டிய இடமெல்லாம் பூசணம் பிடிக்கிறது. அதனால்தான் ஊடுபயிராக நிற்கும் வாழையும் ஜாதிக்காயும் சேர்ந்து கருக்கின்றன. கருத்த ஓலையை விட்டுவிட்டு, அதற்கு மேலடுக்கு ஓலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளை மெழுகுச் சுருள்கள் அங்கே இருக்கும்.

லென்ஸ் இருந்தால் இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஈயின் குஞ்சுகளில் சில கருத்து, முதுகில் வட்டமாக ஓட்டை விழுந்திருக்கும். அது நோயல்ல. என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளர்ந்து, துளைத்துக்கொண்டு வெளியேறிய தடம். கண்ட பூச்சிமருந்தையும் அடித்தால் இந்தக் குளவி செத்துப்போகும். மெழுகுக்குள் தப்பிய வெள்ளை ஈ தட்டிக் கேட்க ஆளில்லாமல் பெருகும்.

இன்னொரு கொடுமை: வெள்ளை ஈயைக் கொல்லும் ஐசேரியாவை வாங்கி, அதோடு பூஞ்சாணக்கொல்லியையும் ஒரே டேங்கில் கலக்கிறார்கள். ஐசேரியாவும் ஒரு பூஞ்சாணம்தானே ஐயா!

சரி, என்ன செய்யலாம்? விசைத்தெளிப்பானில் வெறும் தண்ணீரை ஓலையின் அடியில் வேகமாகப் பீய்ச்சுங்கள். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறிகளை, ஐந்தடி நீளம் ஒன்றரை அடி அகலத்தில், ஏக்கருக்கு எட்டுப் பத்து கட்டுங்கள். எண்ணெய் காய்ந்தால் துடைத்து மறுபடி தடவ வேண்டும், கட்டியதோடு மறந்துவிடாதீர்கள். கருப்பு போக, லிட்டருக்கு 25 கிராம் மைதா காய்ச்சிய பசைக்கரைசலைத் தெளித்தால் போதும். காய்ந்ததும் பூசணத்தோடு செதில் செதிலாக உரிந்துவிடும். என்கார்சியா பிடித்த ஓலைகளை வெட்டிக் கொளுத்தாதீர்கள். துண்டுகளாக்கி, குளவி இல்லாத மரங்களில் கட்டிவிடுங்கள். ஈ உள்ள தோப்பிலிருந்து கன்று வாங்கவே வேண்டாம்.