த்ராம்போஃபீலியா: ‘இரத்த உறைவு நோய்’ என்று எழுதலாமா?

போன மாதம் மெய்ப்புப் பார்க்க ஒரு துண்டறிக்கை வந்தது. ஐரோப்பாவில் வாழும் தமிழர்களுக்காக அங்குள்ள ஒரு மருத்துவமனை தமிழில் போடுவது. நாலே பக்கம். இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: ‘மக்கள்தொகையில் 5 சதவீதத்தினருக்குக் காரணி வி லெய்டன் என்னும் பரம்பரை இரத்த உறைவு நோய் உள்ளது.’ ஒரே வரியில் மூன்று இடறல். அதில் ‘இரத்த உறைவு நோய்’ என்பதை மட்டும் இந்த ஓராண்டில் எத்தனை தாளில் அடித்துத் திருத்தியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

அது த்ராம்போஃபீலியா என்ற சொல்லுக்கு வைத்தது; நாளத்துக்குள் ரத்தம் வேண்டாமல் உறைந்து கட்டியாகும் பாங்கு என்பது பொருள். சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் த்ராம்போஸ் என்றால் கட்டி. பால் திரைந்து கட்டினாலும் ரத்தம் உறைந்து கட்டினாலும் அதே சொல்தான். ஃபீலியா என்றால் நட்பு, விருப்பம். ரத்தம் சரியாக உறையாமல் ஒழுகும் நோயான ஹீமோஃபீலியாவின் பெயர் 1828இல் ஹோப்ஃப் என்பவர் எழுதிய ஆய்வேட்டில் வருகிறது. அங்கேயே ‘விருப்பம்’ தேய்ந்து, ‘உடம்பு அந்தப் பக்கம் சாய்கிறது’ என்ற பொருள்தான் நிற்கிறது. அதற்கு மறுதலையாக வந்தது த்ராம்போஃபீலியா. 1965இல் நார்வேயில் எகெபர்க் என்ற மருத்துவர், ஒரே குடும்பத்தில் பலருக்கு நாளங்களில் கட்டி உண்டானதையும், அவர்களிடம் உறைதலை அடக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதம் குறைந்திருந்ததையும் சேர்த்துப் பார்த்தார். இது மரபுவழி வருவது என்று துலங்கியது அப்போதுதான்.

இனி ‘உறைவு’. பாலுக்கு உறை ஊற்றுகிறோம். சில ஊரில் பிரை ஊற்றுவது என்பார்கள். காலையில் தயிர் உறைந்திருந்தால் நிம்மதி, உறையாவிட்டால்தான் வீட்டில் சத்தம். ரத்தமும் அப்படித்தான். அரிவாள்மனையில் விரல் பட்டால் சில நிமிடத்தில் ரத்தம் உறைந்து நிற்கவேண்டும். உறைதல் உடம்பு நமக்குச் செய்யும் உபகாரம். அதன் பின்னால் ‘நோய்’ என்று ஒட்டினால் வாசிப்பவருக்கு என்ன புரியும்? உறைவதில் ஏதோ கோளாறு என்று புரியும். உறையவில்லையா, வேண்டாத இடத்தில் உறைகிறதா என்பது புரியாது. ஹீமோஃபீலியாவுக்கும் ‘இரத்த உறைவு நோய்’ என்று எழுதிய தாளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு உறைய வைக்கும் மருந்து தரவேண்டும், இன்னொருவருக்கு உறையவிடாத மருந்து. எதிரும் புதிருமான இரண்டுக்கு ஒரே பெயர்ப்பலகை!

அப்படியானால் ‘இரத்தக்கட்டு’ என்று எழுதலாமே என்பார்கள். எழுதலாம், ஆனால் ஊரில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றால் கதவில் இடித்துக் கன்றிப்போன முழங்கை. ‘இரத்தக்கட்டி’ என்றால் கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் புற்றுநோய் பக்கம் மனசு ஓடும். நாளத்துக்குள் ரத்தம் உறைந்து உண்டான கட்டி என்பதற்கு ‘உறைகட்டி’ போதும். உறைவதால் வந்த கட்டி, வேறு எதனாலும் வந்ததல்ல என்று சொல்லே சொல்லிவிடுகிறது.

அடுத்தது ‘நோய்’. இதில்தான் எனக்குக் கோபம். அந்த வரியில் வந்த லெய்டன் என்ற மரபணு மாற்றத்தை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது உறைகட்டி வருகிறது. மீதி ஒன்பது பேர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிப்பார்கள். நெடுநாள் படுக்கை, பெரிய அறுவை, கர்ப்பம், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை என்று வேறு ஏதாவது சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது. இதை நோய் என்று தமிழில் எழுதிக் கையில் கொடுத்தால், அந்தத் தாள் கல்யாணப் பேச்சு வரைக்கும் போகும் என்பது மொழிபெயர்த்தவருக்குத் தெரியாதா?

இதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது. உடல்வாகு என்கிறோம். ‘அவளுக்கு அந்த வாகு, என்ன சாப்பிட்டாலும் சதை போடாது’ என்று சொல்லாத வீடு உண்டா? நோயுமில்லை, குறையுமில்லை, உடம்பு அப்படி. எனவே த்ராம்போஃபீலியா என்பது உறைகட்டி வாகு; பெற்றோர் வழி வந்தால் மரபுவழி உறைகட்டி வாகு.

நண்பர் ஒருவர், மொழிபெயர்ப்பில் என்னைவிட மூத்தவர், ‘குருதியுறை நாட்டம்’ என்று வைக்கச் சொல்கிறார். ஃபீலியாவுக்கு நாட்டம், கச்சிதம் என்பது அவர் வாதம். நாட்டம் என்றால் மனசு வேண்டும். இசையில் நாட்டம், அரசியலில் நாட்டம். ரத்தத்துக்கு உறைவதில் நாட்டம் என்றால் சிரிப்பு வருகிறது. மூலச்சொல்லின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தமிழ்த் துண்டு வைத்துத் தைத்தால் கலைச்சொல் ஆகிவிடும் என்று நினைக்கிறோம். கிரேக்கர் சொன்னதைச் சொல்வது நம் வேலையல்ல. இன்றைக்கு மருத்துவர் என்ன பொருளில் சொல்கிறாரோ அதைச் சொல்லவேண்டும். ‘வாகு தூய தமிழா?’ என்றும் கேட்டார். தோளைக் குறிக்கும் வாகு வடமொழி, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். உடல்வாகை என் பாட்டி சொல்லிக் கேட்டேன். எனக்கு அது போதும். குருதியா ரத்தமா என்ற பழைய சண்டைக்கும் நான் வரவில்லை. உறைகட்டி என்றால் இரண்டுமே தேவைப்படாது, அதுவே ஒரு லாபம்.

‘காரணி வி’யைப் பார்ப்போம். காரணி என்பது ரத்தம் உறைய உதவும் பொருள். வி என்பது ஆங்கில எழுத்து அல்ல, ரோமன் எண் 5. 1940களில் நார்வேயின் பால் ஓவ்ரன் ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணின் ரத்தத்தை ஆராய்ந்து, அதுவரை தெரிந்த நான்கு பொருள்களில் சேராத ஐந்தாவது ஒன்று அவரிடம் இல்லை என்று கண்டார். அதனால் ஐந்து. இந்த வரிசையில் காரணி 6 கிடையாது. அது தூண்டப்பட்ட ஐந்தாவதே என்று தெரிந்ததும் எண்ணை எடுத்துவிட்டார்கள். லெய்டன் யாரோ விஞ்ஞானி என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது நெதர்லாந்தில் ஓர் ஊர். 1993இல் சுவீடனில் டால்பேக், உறைதலை நிறுத்தும் புரதம் சி என்ற கத்திரி சிலருடைய ரத்தத்தில் சரியாக வெட்டவில்லை என்று காட்டினார். மறு ஆண்டு லெய்டனில் பெர்ட்டினா குழு காரணத்தைக் கண்டது: ஐந்தாம் காரணியில், வெட்டு விழவேண்டிய 506ஆம் இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. வெட்டு தாமதமாகிறது, உறைதல் நிற்காமல் தொடர்கிறது.

கடைசி இடறல் ‘மக்கள்தொகை’. மூலத்தில் இருந்த சொல் தலைக்கணக்கைக் குறிக்கவில்லை, ஒரு வம்சாவளி மக்களைக் குறித்தது. சுமார் 5 சதவீதம் என்பது ஐரோப்பிய வம்சாவளியினரின் கணக்கு. இந்த மாற்றம் 20,000 ஆண்டுகளுக்கும் முன் ஒரே மூதாதையிடம் தோன்றிப் பரவியது என்கிறார்கள். கிழக்காசியரிடமும் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கரிடமும் அமெரிக்கப் பழங்குடிகளிடமும் அது அநேகமாக இல்லை. தென்னாசியரிடம் ஐரோப்பாவைவிடக் குறைவு. 1996இல் அதே லெய்டனில் கண்ட, புரோத்ராம்பின் என்ற இன்னொரு உறைதல் புரதத்தின் மரபணு மாற்றமும் ஐரோப்பியச் சொத்துதான். ஜப்பானியருக்கு வேறு வாகு: புரதம் சிக்குத் துணைநிற்கும் புரதம் எஸ்ஸில் வரும் தொகுஷிமா என்ற மாற்றம், ஏறக்குறைய 55 பேரில் ஒருவருக்கு. அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் லெய்டன் மாற்றம் அரிது, ஆனாலும் கால் நாளத்திலும் நுரையீரலிலும் உறைகட்டி வருவது அங்குள்ள வெள்ளையரைவிட அதிகம். ஆக லெய்டன் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தால் ஆபத்தே இல்லை என்று ஐரோப்பியரல்லாதவர் நினைத்துவிடக் கூடாது. தமிழருக்கென்று எழுதிய தாளில் ‘மக்கள்தொகையில் 5 சதவீதம்’ என்றால், வாசிப்பவர் தன் சனத்தைத்தானே எண்ணுவார்? ‘ஐரோப்பிய மக்களில்’ என்று எழுத எத்தனை எழுத்து செலவாகும்?

அதே தாளின் கடைசிப் பக்கத்தில் ‘இரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை’ வேறு. அந்த மாத்திரையான வார்ஃபரின் ரத்தத்தைத் தண்ணியாக்குவதில்லை, உறைவதைத் தாமதிக்கிறது, அவ்வளவே. இந்த ஒரு சொல்லை நம்பி, மாத்திரையை விட்டுவிட்டு மோர் குடித்து ரத்தத்தைத் ‘தண்ணியாக்கிய’ ஒருவரை எனக்குத் தெரியும். அதை ‘உறைதடுப்பு மாத்திரை’ என்று மாற்றினேன்.

திருத்தி அனுப்பிய தாள் அச்சாகி இந்த வாரம் வந்தது. ‘காரணி வி’ ‘காரணி 5’ ஆகியிருக்கிறது. ‘ஐரோப்பிய மக்களில்’ என்பதும் ஏறிவிட்டது. ‘இரத்த உறைவு நோய்’ மட்டும் அப்படியே நிற்கிறது, இந்த முறை தடித்த எழுத்தில். ஏன் என்று கேட்டு எழுதினேன். வாசகருக்குப் பழகிய சொல்லாம்.