சிலிண்டர் பவர் ஏறுகிறதா? கண்ணாடிக் கடைக்கு முன் கருவிழியைப் பாருங்கள்

கண்ணாடி போட்டும் பார்வைப் பலகையின் கடைசி இரண்டு வரி பையனுக்குத் தெரியவில்லை. ஒன்றரையாக இருந்த சிலிண்டர் பவர், அதாவது கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளையாததைச் சரிசெய்யும் பவர், ஆறு மாதத்தில் மூன்றாகிவிட்டது; அந்தப் பவர் எந்தக் கோணத்தில் என்று சொல்லும் ஆக்சிஸும் நகர்ந்திருக்கிறது. கையில் நாலு பழைய கண்ணாடிச் சீட்டு. கருவிழியை, அதாவது கண்ணின் முன்னால் உள்ள கண்ணாடி போன்ற படலத்தை, மேப் எடுத்து (டோபோகிராபி) அதன் வளைவைப் பார்த்துவிடலாம் என்றால், கூட வந்தவரிடமிருந்து வரும் பதில்: “அது லேசிக் பண்றவங்களுக்கு எடுக்கிறதுதானே டாக்டர்? இவன் செல்போன விட்டாலே சரியாயிடும்.”

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். கிட்டத்திலேயே பார்த்துக்கொண்டிருப்பதால் ஏறுவது மைனஸ் பவர். அங்கே நீள்வது கண்பந்து. சிலிண்டர் மளமளவென்று ஏறி, ஆக்சிஸும் மாறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கருவிழியின் வடிவத்தை. கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும் அந்த நோய்க்குப் பெயர் கெரட்டோகோனஸ். செல்போனைப் பிடுங்கி வைத்தால் அது நிற்காது. புதுக் கண்ணாடி போட்டாலும் நிற்காது. கண்ணாடியைத் தவிர்க்கக் கருவிழியில் செய்யும் லேசர் சிகிச்சையான லேசிக்குக்கு முன் டோபோகிராபி எடுப்பதே இந்த நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். தெரியாமல் லேசிக் செய்துவிட்டால் கருவிழி இன்னும் புடைக்கும்.

“கம்ப்யூட்டர்ல பவர் பார்த்தாச்சே” என்பது அடுத்த வாதம். அந்தக் கருவி வளைவை அளப்பது கருவிழியின் நடுவில் சுமார் 3 மில்லிமீட்டர் அளவில்தான். கூம்போ பெரும்பாலும் நடுவுக்குச் சற்றுக் கீழே கிளம்புகிறது. டோபோகிராபியில் வட்ட வளையங்களைக் கருவிழிமேல் பிரதிபலிக்கவிட்டு, ஆயிரக்கணக்கான புள்ளிகளில் வளைவைக் கணக்கிடுகிறோம். 1880-இல் போர்ச்சுகலின் அந்தோனியோ பிளாசிடோ ஒரு தட்டை வைத்துச் செய்த அதே வேலைதான். நல்ல கண்ணில் வளையங்கள் சீரான இடைவெளியில் விழும். கூம்புள்ள கண்ணில் கீழ்ப்பக்கம் நெருக்கியடித்து, முட்டை வடிவில் கோணிக்கொள்ளும். பெண்டாகம் போன்ற கருவிகள் கருவிழியின் பின்பரப்பையும் தடிமனையும் சேர்த்து அளப்பதால் ஆரம்ப நிலையே பிடிபடும்.

மேப்பில் வளைவு கூடிய இடத்தைக் காட்டும் சிவப்பைப் பார்த்ததும் பதற வேண்டாம். மேப்பின் நிற ஸ்கேலை 0.25 டயாப்டர் (பவரின் அலகு) என்ற சின்னப் படியில் வைத்தால் நல்ல கண்கூடச் சிவந்துதான் தெரியும். மேலும் கீழும் சமமான ‘போ டை’ (கழுத்தில் கட்டும் வில் டை) வடிவம் சாதாரண சிலிண்டர். கீழ்ப்பாதி மட்டும் பெருத்து, சாய்ந்திருந்தால்தான் கவலை.

மேப் தவறாக வருவதற்குப் பாதிக் காரணம் ஆயத்தம் இல்லாமை. சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸை ஒரு வாரமாவது முன்பே கழற்றியிருக்க வேண்டும். ஹார்டு லென்ஸ் என்றால் மூன்று வாரம். கண்ணில் சொட்டு மருந்து விடுவதற்கும் கண் பிரஷர் பார்ப்பதற்கும் முன்பே மேப் எடுத்துவிட வேண்டும். கண்ணைச் சிமிட்டி, உடனே அகலத் திறந்து, நடு விளக்கையே பாருங்கள். கண்ணீர்ப் படலம் காய்ந்த இடம் கூம்பு போலவே காட்டும் என்பதால் இரண்டு மூன்று முறை எடுத்து ஒப்பிடுவோம். மேப் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று: இமையைத் தூக்கும்போது விரல் கண்பந்தை அழுத்தக் கூடாது, அழுத்தினால் சிலிண்டரை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். பிள்ளை கண்ணைக் கசக்க விடாதீர்கள். அலர்ஜி உள்ள பிள்ளைகள் விரல் முட்டியைக் கண்ணில் வைத்துத் திருகுவார்கள். மெலிந்த கருவிழிக்கு அதைவிடக் கேடு இல்லை. அரித்தால் குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள், மருத்துவரிடம் காட்டிச் சொட்டு வாங்குங்கள். மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி மாதக்கணக்கில் விட்டால் கண் பிரஷரும் புரையும் சேர்ந்து வரும்.

நோய் முற்றுவது தெரிந்தால் கிராஸ் லிங்கிங் செய்கிறோம். ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) சொட்டு விட்டு, புற ஊதா ஒளி காட்டுவது. வழக்கமான முறைக்குக் கருவிழியின் தடிமன் 400 மைக்ரானாவது (0.4 மில்லிமீட்டர்) இருக்க வேண்டும். கூம்பை அங்கேயே நிறுத்தத்தான் அது. பழைய பார்வையை மீட்டுத் தராது, அதற்குப் பிறகும் கண்ணாடியோ லென்ஸோ தேவைப்படும். நாலு கண்ணாடி மாற்றிக் காத்திருந்த காலத்தில் அந்த 400-க்கும் கீழே போய்விடுகிறவர்கள் உண்டு.

அண்ணனுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் இருந்தால், பவர் ஏறாவிட்டாலும் ஒருமுறை மேப் எடுங்கள். எடுத்த பிரிண்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஆறு மாதம் கழித்து அதே வகைக் கருவியில் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் முற்றுகிறதா இல்லையா என்று சொல்ல முடியும்.