மாத்திரையை ஒளித்து வைக்காதீர்கள்

முகூர்த்த மாதங்கள் வந்தாலே எனக்குக் கவலை பிடித்துக்கொள்கிறது. வலிப்பு நோய்க்கு ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ஆண்டுக்கணக்கில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்த பெண்கள், தாலி ஏறிய சில நாட்களிலேயே அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். அண்மையில் வந்தவருக்கு ஒரு வலிப்பு அடங்கி நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்துகொண்டிருந்தது. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, ஒரு முகப்பவுடர் டப்பாவில் போட்டு, சீர்வரிசையோடு அனுப்பியிருக்கிறார்கள். புகுந்த வீட்டில் அறைக்குள் எந்நேரமும் உறவினர் கூட்டம். அந்தப் பெண் டப்பாவைத் திறக்கவே இல்லை.

“கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று சொன்னார்களே” என்றார் அவருடைய அம்மா. சொன்னவர் யாராக இருந்தாலும் சொல்கிறேன்: ஆகாது. கல்யாணம் வலிப்பைக் கூட்டத்தான் செய்யும். முதல்நாள் இரவு வரவேற்பு, நள்ளிரவு வரை புகைப்படம், விடிவதற்குள் முகூர்த்தம், வெறும் வயிறு. வலிப்பு நோயாளிக்கு ஆகவே ஆகாதது தூக்கமின்மை. அதோடு மாத்திரையும் நின்றுபோனால் என்னவாகும்?

மறைப்பவர்களை நான் கோபித்துக்கொள்வதுண்டு. ஆனால் அவர்களுடைய கூச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. இந்த நோயின் வெட்கம் தனி வகை. கல்லூரி வகுப்பறையில் விழுந்த ஒரு மாணவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி நோயைப் பற்றியதே அல்ல. “நான் என்ன செய்தேன் டாக்டர்?” என்றார். கால்சட்டை நனைந்திருந்தது, வாயில் நுரை தள்ளியது, யாரோ கைப்பேசியில் படம் எடுத்தார்கள். இவையெல்லாம் பிறகு ஒவ்வொன்றாக அவர் காதுக்கு வந்தவை. தன் உடம்புக்கு நடந்ததைத் தன்னைத் தவிர எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் அவரை வகுப்புக்குத் திரும்பவிடாமல் தடுத்தது. அவருக்கு மாத்திரை எழுதிக்கொடுக்க எனக்குச் சில நிமிடங்கள் போதுமாக இருந்தன. வகுப்புக்குத் திரும்ப அவருக்குப் பல வாரங்கள் ஆயின.

அன்று அவருடைய வலது உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்து கிழித்த காயம் இருந்தது. விரல்களைப் பிரித்து இரும்பைத் திணித்திருக்கிறார்கள். எத்தனை தடவை சொன்னாலும் இந்த இரும்புச் சாவி மட்டும் ஒழிய மாட்டேன் என்கிறது. படித்தவர்களும் செய்கிறார்கள், சில மருத்துவமனை வாசல்களிலேயே செய்கிறார்கள். “கொடுத்தவுடன் நின்றதே, கண்ணால் பார்த்தேனே” என்று வாதிடுகிறார்கள். தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடங்களுக்குள் தாமாகவே அடங்கிவிடும். ஒருவர் விழுகிறார், கூட்டம் சேருகிறது, யாரோ “சாவி, சாவி” என்று கத்துகிறார்கள், இன்னொருவர் வண்டிச் சாவியைத் தேடி எடுத்து வருகிறார். அதற்குள் வலிப்பு முடியும் நேரம் வந்துவிடுகிறது. பேர் சாவிக்குப் போகிறது. நீங்கள் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்திருந்தாலும் அதே நேரத்தில்தான் நின்றிருக்கும். மூளையில் எழும் மின்கிளர்ச்சியைக் கையிலிருக்கும் இரும்பு ஒன்றும் செய்யாது. விரல் எலும்பு முறிந்தவர்களையும், வாயில் கரண்டி திணித்துப் பல் உடைந்தவர்களையும், வலிப்பின்போது ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குள் போனவர்களையும் நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். நாக்கை விழுங்கிவிடுவார் என்பதும் பொய்தான். நாக்கை யாராலும் விழுங்க முடியாது.

கூச்சத்துக்கு வருகிறேன். “யாரிடமும் சொல்ல முடியவில்லை” என்பவர்களுக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றுதான். ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டாம். உங்களோடு அதிக நேரம் இருக்கும் இருவரிடம் மட்டும் சொல்லுங்கள். சோகக் கதையாகச் சொல்லாமல், அவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பதுபோலச் சொல்லுங்கள். “எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். எப்போதாவது வந்தால் பக்கத்தில் இருக்கும் கூர்மையான பொருட்களை நகர்த்திவிட்டு, தலைக்கடியில் துண்டு மடித்து வையுங்கள். இழுப்பு நின்றதும் ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். கையைப் பிடித்து அழுத்த வேண்டாம், வாயில் எதுவும் வைக்க வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள்.” அவ்வளவுதான். செய்ய வேண்டியது தெரிந்தவர் பதற மாட்டார். பக்கத்தில் இருப்பவர் பதறாதபோது உங்களுக்கும் பாதி வெட்கம் போய்விடும். அந்த மாணவர் முதலில் சொன்னது விடுதி அறைத் தோழரிடம். அந்தத் தோழர்தான் இப்போது இரவு மாத்திரையை நினைவூட்டுகிறார்.

திருமணம் பேசும் வீடுகளில் இது கடினம் என்பது தெரியும். ஆனாலும் நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வேண்டுமென்றால் இரு வீட்டாரையும் அழைத்து வாருங்கள், நாங்கள் பேசுகிறோம். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்த வாசகத்தை 1999லேயே திருத்தி நீக்கிவிட்டார்கள். சரியான சிகிச்சை கிடைத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும். மறைத்துச் செய்த கல்யாணம்தான் பிறகு மோசடி வழக்காக வந்து நிற்கிறது.

இன்னொரு கூச்சத்தை எங்களிடமே மறைக்கிறார்கள். ஃபெனிடாயின் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு ஈறு தடிக்கலாம், முகத்தில் ரோமம் கூடலாம். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மாத்திரையில் முடி உதிரலாம், எடை ஏறலாம். கண்ணாடியைப் பார்த்து மனம் நொந்து, சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள் அம்மா, வந்து சொல்லுங்கள். பலருக்கு மருந்தை மாற்ற முடியும். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் கருத்தரிப்பதற்கு முன்பே வர வேண்டும். வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தைக்குக் கெடுதல் செய்யக்கூடியது. அதைப் படிப்படியாக மாற்றவும், ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் மாத்திரையைத் தொடங்கவும் எங்களுக்கு அவகாசம் தேவை. (இளம்பெண்களுக்கு வால்ப்ரோயேட் எழுதும் சக மருத்துவர்கள் இதை முதல்நாளே சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும்.) காலையில் கை திடீரென வெட்டி இழுத்து, காபி டம்ளரை நழுவவிடும் பிள்ளையை “கவனமே இல்லை” என்று திட்டுவதற்கு முன் ஒருமுறை அழைத்து வாருங்கள். அதுவும் வலிப்பாக இருக்கலாம்.

குளியலறைக் கதவைச் சாத்துங்கள், தாழ்ப்பாள் போடாதீர்கள். கிணற்றிலும் கண்மாயிலும் தனியாகக் குளிக்கக் கூடாது. அடுப்பில் பாத்திரத்தைப் பின்பக்க பர்னரில் வையுங்கள். வண்டி ஓட்டுவது பற்றி மருத்துவரிடம் மறைக்காமல் பேசுங்கள்.

உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது வலிப்பு வந்தால், கைப்பேசியில் எடுத்த படம் அவருக்கும் அவருடைய மருத்துவருக்கும் மட்டும்தான் போக வேண்டும். அவர் திரும்பி வரும் நாளில், எதுவும் நடக்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். எத்தனை நிமிடம் நீடித்தது, எந்தப் பக்கம் முதலில் இழுத்தது, எப்போது பேசத் தொடங்கினார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுங்கள். அவர் அடுத்த முறை என் அறைக்கு வரும்போது நான் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.