எட்ஜ் என்றால் விளிம்பா?

கிராஃப் பற்றிய (புள்ளிகளைக் கோடுகளால் இணைத்துக் காட்டும் அமைப்பு) நிரல் பயிற்சிக் காணொளி ஒன்றில் நேற்று மறுபடியும் கேட்டேன்: "கணுக்களைச் சேர்த்தாச்சு, இப்போ விளிம்புகளைச் சேர்ப்போம்." திரையில் இரண்டு வட்டங்களுக்கு நடுவே ஒரு கோடு வந்து விழுகிறது. வட்டம்தான் கணு, ஆங்கிலத்தில் நோடு; கோடுதான் எட்ஜ், அதைத்தான் விளிம்பு என்கிறார்கள். நடுவில் ஓடுகிற கோடு எப்படி விளிம்பாகும்?

நோடு விஷயத்தில் சண்டை இல்லை. லத்தீனில் அதன் வேர்ச்சொல்லுக்கு முடிச்சு என்று பொருள். நம் கரும்பிலும் மூங்கிலிலும் கணு இருக்கிறது, சரியாகப் பொருந்துகிறது. 1878இல் கணிதவியலாளர் சில்வெஸ்டர் வழங்கிய கிராஃப் என்ற சொல்லுக்குக் கோட்டுரு போதும். வரைபடம் வேண்டாம், ஊர் மேப்பையும் அப்படித்தானே சொல்கிறோம்.

எட்ஜ்தான் சிக்கல். கனச்சதுரத்துக்கு 12 விளிம்புகள் என்று பள்ளியில் படித்தோம், அங்கே அது சரி, இரண்டு முகங்கள் வந்து முடிகிற இடம் அது. கோட்டுருவில் முகம் என்று ஒன்று இருக்க வேண்டியதே இல்லை. அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளர்களால் வந்த வினை இது.

1736இல் கணிதவியலாளர் ஆய்லர் ஆராய்ந்த கோனிக்ஸ்பெர்க் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பிரித்த நான்கு நிலப்பகுதிகள், அவற்றை இணைக்கும் ஏழு பாலங்கள். நிலம் கணு, பாலம் எட்ஜ். பாலத்தைப் போய் யாராவது விளிம்பு என்பார்களா? அந்த ஊரில் விளிம்பு என்றால் ஆற்றங்கரைதான், அது கணுவின் பக்கம் சேர்ந்துவிடும்! கோட்டுருக்களைக் கையாளும் பைத்தான் நிரலகமான நெட்வொர்க்எக்ஸில் இதை வரைந்து பார்த்தால் இன்னும் தெளிவு. கணுக்களைத் தானே இடம் பார்த்து வைக்கும் ஸ்பிரிங் லேஅவுட்டில், தற்செயல் தொடக்கத்தை நிலைப்படுத்தும் விதை எண் கொடுக்காமல் ஓட்டினால் படம் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வரும், இப்போது ஓரத்தில் கிடக்கிற கோடு அடுத்த ஓட்டத்தில் நடுவில் கிடக்கலாம்.

இணைகோடு என்று சிலர் எழுதுகிறார்கள், அதுவும் ஆகாது, பள்ளிக் கணக்கில் அது ஒன்றையொன்று வெட்டாத கோடுகளின் பெயர். இணைப்பு என்றே சொல்லலாம். வலைப்பக்க இணைப்போடு குழம்புமே என்கிறார்கள். குழம்பாது, பக்கங்களைக் கணுக்களாக வைத்தால் அந்த இணைப்பும் எட்ஜ்தான். அப்புறம், எந்தக் கணுவிலிருந்தும் எந்தக் கணுவுக்கும் போக முடிந்தால் அதை இணைந்த கோட்டுரு என்கிறோமே, எதனால் இணைந்தது? விளிம்பாலா?