ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே ஏன் பெயர்கிறது?

நாகை மாவட்டக் கடலோரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் மாதா கோயில் 1960களில் கட்டியது. நடுவில் தூணே கிடையாது. காகிதத்தை மடித்து நிறுத்தியதுபோல காங்கிரீட் கூரை. இப்போது காரை பெயர்ந்து விழுவதால் இடித்துவிடலாம் என்கிறது கமிட்டி. தரங்கம்பாடியில் 1718-ல் கட்டிய கோயில் இன்னும் நிற்கிறதே! ஒவ்வொரு முறை ஒட்டுப்போட்டாலும் அதற்குப் பக்கத்திலேயே மறுபடி பெயர்கிறது. பழைய கல்லறை மண்ணில் கட்டியதால்தான் இப்படி என்கிறார்கள். உண்மையா?"

தரங்கம்பாடி விஷயம் எளிது. புதிய எருசலேம் ஆலயத்தில் பாரத்தைத் தாங்குவது தடித்த சுவர். துருப்பிடிக்க அதற்குள் கம்பி வலை இல்லை. மடிப்புக் கூரைக்கோ வடிவம்தான் பலம், அதனால் தடிமன் குறைவு. மெக்சிகோவின் சோச்சிமில்கோவில் 1958-ல் கட்டடக் கலைஞர் பெலிக்ஸ் கண்டேலா கட்டிய உணவகத்தின் வளைகூரை 4 செ.மீ. தடிமன்தான். இவ்வளவு மெல்லிய கூரையில் கம்பிக்கு மேலே எவ்வளவு காங்கிரீட் இருந்துவிடும்? கடற்காற்று படும் காங்கிரீட்டில் கம்பிக்கு மேலே 45 மி.மீ. கவர், அதாவது காங்கிரீட் மூடல், வேண்டும் என்கிறது இன்றைய இந்தியத் தர விதி.

சிமென்ட் காரத்தன்மை உடையது, பிஎச் 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் இரும்பின்மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. கரியமில வாயு காலப்போக்கில் காரத்தைக் குறைத்து அதைக் கெடுக்கும். உப்புக்காற்றின் குளோரைடோ, காரம் குறையாதபோதும் படலத்தைப் புள்ளி புள்ளியாக உடைத்துவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். காங்கிரீட் வெடித்துப் பெயர்வது அதனால்தான்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. கூரைக்குள் கம்பிகள் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருப்பதால் மொத்த வலையும் ஒரே மின்கடத்தி. படலம் உடைந்த இடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகிறது, அது ஆனோடு. அந்த எலக்ட்ரான்கள் கம்பி வழியே ஓடி, அக்கம்பக்கத்தில் ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சேர்ந்து காரத்தை உண்டாக்குகின்றன, அது கேத்தோடு. உப்பு பக்கத்திலும் ஏறியிருக்கும், ஆனாலும் அங்கே துரு பிடிப்பதில்லை. எலக்ட்ரான் வந்துகொண்டிருக்கும்வரை அந்த இரும்பு கரையாது. ஆக, அழுகிக்கொண்டிருந்த இடம்தான் அதுவரை அண்டை அயலைக் காப்பாற்றி வந்திருக்கிறது!

கொத்தனார் வந்து அழுகலைக் கொத்தியெடுத்து, கம்பியைத் தேய்த்து, புதுக் கலவை வைக்கிறார். புதுக் காரத்தில் அந்தக் கம்பி பத்திரமாகிவிடுகிறது. சுற்றியிருப்பதோ அதே பழைய உப்புக் காங்கிரீட். அதைக் காத்த ஆனோடு மட்டும் போய்விட்டது. முன்பு கேத்தோடாக இருந்த இடம் இப்போது ஆனோடாகிறது, ஒட்டின் விளிம்பைச் சுற்றியே அடுத்த வெடிப்பு கிளம்புகிறது. வேலை சுத்தமாக நடந்தாலும் இதுதான் கதி. கொத்தனாரையும் குற்றம் சொல்ல வேண்டாம், கல்லறையில் படுத்திருப்பவர்களையும் விட்டுவிடலாம்.

இதற்கு மாற்று உண்டு. ஒட்டுக்குள்ளேயே துத்தநாகக் கட்டியைக் கம்பியோடு இணைத்துப் புதைத்தால், இரும்புக்குப் பதில் துத்தநாகம் கரையும். இந்த வேதியியலுக்கென்றே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்குகிறது. அதற்கு நிலமும் பணமும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டலில் கால்வாசி துரு ஆராய்ச்சிக்குக் கிடைத்தால்கூட நம் பாலங்களுக்கு நல்லது. பரிகாரத்துக்கும் வாஸ்துவுக்கும் ஊர் செலவழிப்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

கமிட்டி முடிவெடுக்கும் முன் சோதனை அறிக்கை கேளுங்கள். பிளஸ் டூ செய்முறையில் பார்த்த பினாப்தலீனை உடைத்த காங்கிரீட்டில் தெளித்தால், காரம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும். கடலோரத்தில் அதை மட்டும் நம்ப முடியாது, சிவந்த இடத்திலும் உப்பு இருக்கலாம். ஆகவே காங்கிரீட் தூளில் குளோரைடு அளவையும், காப்பர் சல்பேட் மின்முனை வைத்துக் கூரை முழுவதும் கம்பியின் மின்னழுத்தத்தையும் பார்க்க வேண்டும். மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் அங்கே துரு நடக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. பிறகு, கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று சில இடங்களில் கொத்தி அளக்க வேண்டும். முக்கிய மடிப்புகளில் பாதிக் கம்பி போயிருந்தால் நானும் இடிக்கத்தான் சொல்வேன்.

அறிக்கை வரும்வரை, பெயரும் மடிப்புகளுக்குக் கீழே முட்டுக்கொடுங்கள். பூசை நேரத்தில் அங்கே யாரையும் உட்காரவிடாதீர்கள்.